ஆக்கியோன் உரிமை: விற்ற பிறகும் எஞ்சுவது

தில்லி விஞ்ஞான் பவன் 1956இல் யுனெஸ்கோ மாநாட்டுக்காக எழுப்பப்பட்ட மண்டபம். விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறைவதற்குள் உலகத்துப் பேராளர்களை அழைத்து உட்கார வைக்க ஓர் இடம் வேண்டும் என்று அரசு கட்டியது அது. அதன் முகப்புக் கூடத்துச் சுவருக்கு ஒரு பெரிய சிற்பம் செய்து தரும்படி அமர் நாத் சேகலிடம் கேட்டார்கள். சேகல் 1922இல் கேம்பல்பூரில் பிறந்தவர். இன்று பாகிஸ்தானில் அட்டோக் என்று வழங்கும் ஊர் அது. ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்து, 1962இல் அவர் அந்தச் சுவரை நிறைத்தார். 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சிற்பம் அது. கிராமத்து இந்தியாவும் புதிய இந்தியாவும் அதில் அடுத்தடுத்து நின்றன.

1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. சுவரிலிருந்து சிற்பத்தைப் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். பெயர்த்ததிலும் தூக்கிச் சென்றதிலும் அது சிதைந்தது. செய்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தி தெரிந்து அவர் எழுதிய முறையீடுகளால் எதுவும் நடக்கவில்லை.

சுவர் அரசுடையது. சிற்பத்துக்கு உரிய கூலியையும் அரசு கொடுத்துவிட்டது. சந்தையில் ஒரு மேசை வாங்கியவர் அதை உடைத்து விறகாக்கினால் தச்சர் கேள்வி கேட்க முடியாது. அப்படியிருக்க, விலை கொடுத்து வாங்கிய சிற்பத்தைக் கழற்றிய அரசிடம் சிற்பிக்குக் கேட்க என்ன இருக்கிறது? கலைஞருக்கும் கலைப்படைப்புக்கும் இடையிலான உறவைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதன் மையமே இந்தக் கேள்விதான். இந்தியச் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. அது பாதி விடை என்பதும், மீதியை எழுதுவது கடினமல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு சொல்லின் சுமை

பதிப்புரிமை என்றதும் நம் மனத்தில் வருவது பணம். எத்தனை படி விற்றது, ராயல்டி எவ்வளவு, படத்துக்கு உரிமை எவ்வளவுக்குப் போனது. அதே சட்டத்துக்குள் பணத்தோடு தொடர்பில்லாத வேறோர் உரிமையும் இருக்கிறது. இந்தப் படைப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதில் ஒரு பகுதி. என் பெயரைத் தாங்கி நிற்கும் படைப்பைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமை இன்னொரு பகுதி. பிரெஞ்சுச் சட்ட மரபில் பிறந்த இந்த உரிமையைத் தமிழில் பெரும்பாலும் 'தார்மீக உரிமை' என்று எழுதுகிறோம்.

இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. கையில் கொடுக்க ஒன்றுமில்லாதபோது தருவதைத் தார்மீக ஆதரவு என்கிறோம். சட்டப்படி குற்றமில்லை என்றாலும் பதவி விலகுவதைத் தார்மீகப் பொறுப்பு என்கிறோம். அதாவது தமிழில் தார்மீகம் என்ற சொல் விழுந்த இடத்தில், நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்ற பொருளும் சேர்ந்தே விழுகிறது. பிரெஞ்சு மூலத்தில் அந்தப் பொருள் இல்லை. அங்கே அந்தச் சொல் குறிப்பது, உடைமையைச் சேராமல் ஆளைச் சேர்ந்த உரிமை என்பதை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்கவில்லை. அதன் 57ஆம் பிரிவின் தலைப்பு ஆசிரியரின் சிறப்புரிமைகள் என்பதுதான். மீறினால் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே இது நல்லெண்ணத்தைக் கேட்கும் வேண்டுகோள் அல்ல, வழக்காடும் உரிமை. இக்கட்டுரையில் இதை ஆக்கியோன் உரிமை என்றே சொல்கிறேன். அந்தச் சொல்லை ஏன் எடுத்தேன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இதன் வேரில் இரண்டு வெவ்வேறு பார்வைகள் உள்ளன. 1710இல் இங்கிலாந்தில் வந்த ஆன் அரசியின் சட்டம் நூலை அச்சிட்டு விற்கும் உரிமையை வரையறுத்தது. அங்கே நூல் ஒரு சரக்கு. 1785இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் திருட்டுப் பதிப்புகளைக் கண்டித்து எழுதிய கட்டுரை வேறு இடத்தில் தொடங்கியது. நூல் என்பது ஆசிரியர் வாசகரிடம் பேசும் பேச்சு என்றார் அவர். சரக்கைக் கைமாற்றலாம். பேச்சு பேசியவரைவிட்டு நீங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் இந்த இரண்டாம் பார்வையை வழக்குக்கு வழக்கு வளர்த்தெடுத்தன. எப்போது வெளியிடுவது என்று முடிவுசெய்வது, பெயர் கோருவது, உருவம் காப்பது, வெளியிட்டதைத் திரும்பப் பெறுவது என்று நான்கு கிளைகளாக அது விரிந்தது.

எழுத்தாளர், கலைஞர் உரிமைகளுக்கான பெர்ன் உடன்படிக்கை 1886இல் உருவானது. 1928இல் ரோம் நகரில் அதைத் திருத்தியபோது அந்த நான்கில் பெயரும் உருவமும் உலகப் பொது விதியாயின. பொருளாதார உரிமைகளை விற்றுவிட்ட பிறகும் இவ்விரண்டும் ஆசிரியரிடமே இருக்கும் என்றது புதிய விதி. இங்கிலாந்து இதைத் தன் சட்டத்தில் வெளிப்படையாக எழுத 1988 ஆனது, அமெரிக்காவுக்கு 1990. ஆங்கிலேயரின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1914இல் எழுதப்பட்ட பழைய சட்டத்தை மாற்றி இந்தியா 1957இல் சொந்தச் சட்டம் இயற்றியபோதே 57ஆம் பிரிவைச் சேர்த்துவிட்டது. அவ்விரு நாடுகளையும் நாம் முந்தி எழுதிய விதி இது.

பெயர்

நன்னூல் பாயிர இலக்கணம் சொல்லுமிடத்தில், ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் யார் சொன்னது என்பதை அறிவிப்பதுதான் ஒழுங்கு என்று நம் இலக்கணிகள் கருதினார்கள். நான் கடன் வாங்கிய சொல் அதுதான்.

இந்த உணர்வு ஏட்டோடு நிற்கவில்லை. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களின் புலவர் பெயர் கிட்டவில்லை. பெயரில்லாமல் விடாமல், பாடலில் உள்ள ஒரு தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படிப் பெயர் பெற்றவர். தேவாரப் பதிகங்களின் கடைசிப் பாட்டில் சம்பந்தர் தம் பெயரை வைத்தார். கர்நாடக இசையில் தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் கீர்த்தனைக்குள்ளேயே தம் முத்திரையைப் பொறித்தார்கள். அச்சும் சட்டமும் இல்லாத காலத்தில், பாடுகிறவர் பெயரை விட்டுவிடாதபடி பாட்டின் உடலிலேயே தைத்துவைத்த ஏற்பாடு அது. உருவம் பற்றிய கவலையும் நமக்குப் பழையது. கம்பராமாயணத்தில் பிறர் நுழைத்த செய்யுள்களைப் பிரித்தறிந்து வெள்ளிப் பாடல்கள் என்று பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. கம்பன் சொல்லாததைக் கம்பன் வாயில் வைக்கக்கூடாது என்ற எண்ணமே அதன் அடி.

இதையெல்லாம் சட்டம் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு நீதிபதிகள் வகுத்த உரிமையைத் தமிழ் மரபு முன்பே கண்டுபிடித்தது என்பதும் என் வாதம் அல்ல. அந்த உரிமை காக்க நினைக்கும் உணர்வு நமக்கு அந்நியமானதல்ல என்று மட்டுமே சொல்ல வருகிறேன்.

பணமும் பெயரும் வெவ்வேறு என்பதைப் பாரதியின் கதை நன்றாகக் காட்டும். அவர் எழுத்துகளின் பதிப்புரிமை கைமாறிக் கைமாறிப் போயிற்று. பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை பட அதிபர் ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்திருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைத் தன்வசமாக்கியது. 1955இல் அவை மக்களுக்குப் பொதுவாயின. அன்று முதல் யாரும் பாரதியை அச்சிடலாம், பாடலாம், விற்கலாம். ஆனால் பாரதியின் பாட்டைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் உரிமை யாருக்கும் வரவில்லை. அதை மெய்யப்பன் வாங்கியிருக்கவில்லை. அரசும் வாங்கவில்லை. வாங்கவோ கொடுக்கவோ முடியாத ஒன்று அது.

இந்த வேறுபாட்டை நாம் நாட்டுடைமை நூல்களில் மறந்துவிடுகிறோம். வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, ஓர் எழுத்தாளரின் நூல்களை எல்லோரும் வெளியிடும்படி தமிழக அரசு செய்கிறது. அருமையான ஏற்பாடு. அதன் பொருள் அந்த நூலை வெட்டலாம், இடையில் எழுதிச் சேர்க்கலாம், ஆசிரியர் பெயரைச் சிறிதாக்கி ஓரத்தில் ஒதுக்கலாம் என்பதல்ல. நாட்டுடைமையாவது பதிப்புரிமை. 57ஆம் பிரிவின் உரிமை பதிப்புரிமையைச் சாராமல் தனித்து நிற்பது என்று அந்தப் பிரிவின் முதல் வரியே சொல்கிறது. சிதைவைத் தடுக்கும் உரிமை பதிப்புரிமைக் காலம் முடியும்வரைதான் என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வரம்பு வைத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை நீக்கியது. ஆசிரியர் மறைந்த பிறகு அவர் பெயரைக் கோரும் உரிமையையும் வாரிசுகளுக்குத் தந்தது. நாட்டுடைமைப் பதிப்பு ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த உரிமை விழித்திருக்கிறது. அதைக் கேட்பாரில்லை என்பதுதான் குறை.

உருவம்

உருவத்தைக் காக்கும் உரிமை பெயர் உரிமையைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு மாற்றமும் சிதைவு அல்ல. மொழிபெயர்ப்பு மாற்றமே. நாவலைப் படமாக்குவது மாற்றமே. சட்டம் ஓர் அளவுகோல் வைக்கிறது: அந்த மாற்றம் ஆசிரியரின் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு செய்ய வேண்டும்.

இந்தியாவில் இதை முதலில் அழுத்தமாக உரசிப் பார்த்த வழக்கு மன்னு பண்டாரியுடையது. பெற்றோரின் மணமுறிவில் சிக்கிய ஒரு சிறுவனின் கதை அவருடைய இந்தி நாவல் 'ஆப் கா பண்டி'. அதன் பட உரிமையை அவர் கலா விகாஸ் பிக்சர்ஸுக்குக் கொடுத்தார். 'சமய் கீ தாரா' என்று உருவான படத்தில் தலைப்பு, பாத்திரங்கள், வசனம், முடிவு எல்லாம் தன் நாவலைச் சிதைத்துவிட்டதாக அவர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். உரிமையை எழுதிக் கொடுத்தாயிற்றே என்பது தயாரிப்பாளர் பக்கம். 1986இல் வந்த தீர்ப்பு, 57ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்கு மேலே நிற்கிறது என்றது. படத்துக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்யலாம், ஆனால் நாவலை அடையாளம் தெரியாத வேறொன்றாக ஆக்கக்கூடாது என்றது. முடிவில் இரு தரப்பும் சமரசமாயின. படத்தில் ஆசிரியர் பெயரும் நாவல் பெயரும் இடம்பெறாது என்பது ஏற்பாடு. பெயரைப் போடு என்று கேட்பது போலவே, இதில் என் பெயர் வேண்டாம் என்று விலகிக்கொள்வதும் ஒரு மானம்தான். ஒரு பள்ளிச்சிறுவனைப் பற்றிய நாவல் இந்தியச் சட்டத்துக்கு அதைக் கற்றுக் கொடுத்தது.

ஊறு எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம் என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கு உண்டு. டொரன்டோவின் ஈட்டன் சென்டர் என்ற வணிக வளாகத்தில் மைக்கேல் ஸ்னோ செய்த 60 வாத்துகள் கூட்டமாகப் பறந்து இறங்குவதுபோல் தொங்குகின்றன. 1982இல் கிறிஸ்துமஸ் அலங்காரமாக அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் அழியவில்லை. ஆனாலும் அது பழங்காலத்து வீனஸ் சிலைக்குக் காதணி மாட்டுவதற்கு ஒப்பாகும் என்று ஸ்னோ வழக்காடினார். மற்றக் கலைஞர்களும் அவரோடு நின்றார்கள். ரிப்பனை அவிழ்க்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. வாங்கிய வளாகத்துக்கு வாத்துகள் சொந்தம். அந்த வாத்துகள் என்ன சொல்கின்றன என்பது ஸ்னோவுக்குச் சொந்தம்.

தமிழகத்துக்கு அண்மையில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. ஆனந்த் எல். ராய் இயக்கி, தனுஷ் நடித்து 2013இல் வந்த இந்திப் படம் 'ராஞ்சனா'. தமிழில் 'அம்பிகாபதி' என்று வெளியானது. நாயகன் இறந்துபோவதோடு முடியும் படம் அது. 2025 ஆகஸ்டில் தமிழ் வடிவத்தைத் திரும்ப வெளியிட்டபோது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கடைசிக் காட்சியை மாற்றி நாயகனைப் பிழைக்க வைத்திருந்தார்கள். இயக்குநரும் நடிகரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். படத்தின் உரிமை எங்களுடையது என்றது தயாரிப்பு நிறுவனம்.

இங்கேதான் இந்தியச் சட்டத்தின் ஒரு பள்ளம் தெரிகிறது. 57ஆம் பிரிவு உரிமை தருவது ஆசிரியருக்கு. திரைப்படத்துக்கு ஆசிரியர் யார் என்று அதே சட்டம் வரையறுக்கும்போது தயாரிப்பாளரைச் சொல்கிறது. நாவலாசிரியருக்கும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் திரைக்கதை எழுதியவருக்கும் தத்தம் பங்கில் ஆக்கியோன் உரிமை உண்டு. 2012 திருத்தம் 38பி என்ற புதிய பிரிவால் நடிகர், பாடகர் முதலிய நிகழ்த்துகலைஞருக்கும் பெயர், உருவ உரிமைகளைத் தந்தது. இத்தனை பேரையும் இழுத்துக் கட்டி ஒரு படமாக்குகிற இயக்குநருக்கு அந்தப் படத்தின்மேல் அது இல்லை. முதன்மை இயக்குநரையும் ஆசிரியராகச் சேர்க்க 2010ஆம் ஆண்டு மசோதா முயன்றது. சட்டமானபோது அந்த யோசனை கைவிடப்பட்டிருந்தது.

பிரான்சில் நிலைமை வேறு. அமெரிக்க இயக்குநர் ஜான் ஹஸ்டன் 1950இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்' படத்துக்கு, உரிமை வாங்கிய நிறுவனம் பின்னாளில் வண்ணமேற்றியது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அதைக் காட்ட முயன்றபோது ஹஸ்டனின் வாரிசுகளும் திரைக்கதையாசிரியரும் வழக்குப் போட்டார்கள். எந்த நாட்டில் எடுத்த படமானாலும் பிரான்சில் ஆக்கியோன் உரிமை செல்லும் என்று 1991இல் அந்நாட்டின் உச்சநிலை நீதிமன்றம் தீர்த்தது. ஒரு படத்தின் கறுப்பு வெள்ளை அதன் இயக்குநருடைய முடிவு என்றால், அதன் நாயகன் சாவதும் அவ்வாறே. கணினி ஓர் இரவில் முடிவை மாற்றித் தரும் காலத்தில், இயக்குநரை ஆசிரியர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தி வைப்பது இனி தாங்காது.

அழிவு

இப்போது விஞ்ஞான் பவனுக்குத் திரும்புவோம். சேகல் 1992இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எஞ்சிய துண்டுகளுக்கு மேலும் சேதம் வராதிருக்க அந்த ஆண்டே தடையாணை கிடைத்தது. தீர்ப்பு வந்தது 2005 பிப்ரவரி 21இல். சிற்பம் கழற்றப்பட்டு 26 ஆண்டு ஆகியிருந்தது. சிற்பிக்கு வயது 83.

நீதிபதி பிரதீப் நந்த்ராஜோக் எழுதிய அந்தத் தீர்ப்பு, பெர்ன் உடன்படிக்கையையும் பண்பாட்டுச் செல்வங்கள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கைகளையும் சேர்த்துப் படித்தது. விற்ற பிறகும் ஆசிரியரிடம் எஞ்சும் உரிமை, படைப்பை அழிவிலிருந்து காக்கவும் நீளும் என்றது. முழு அழிவு என்பது சிதைவின் உச்ச வடிவம். ஒரு கலைஞரின் படைப்புத் தொகுதியிலிருந்து ஒன்றை இல்லாமல் ஆக்குவது அவர் புகழைக் குறைக்கிறது. இதுவே தீர்ப்பின் சாரம். சேகல் 50 லட்சம் ரூபாய் கேட்டிருந்தார். நீதிமன்றம் 5 லட்சம் கொடுத்தது. அதைவிடப் பெரியது அடுத்த ஆணை: எஞ்சிய துண்டுகள் அனைத்தையும் அரசு அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், இனி அவற்றின்மேல் அரசுக்கு உரிமை இல்லை. விலை கொடுத்து வாங்கியவர் பேணத் தவறியதால் படைப்பு செய்தவரிடமே திரும்பியது. மூன்றாண்டு நிறைவதற்குள், 2007 டிசம்பரில், சேகல் காலமானார்.

இத்தோடு கேள்வி தீர்ந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பன்னிரண்டாண்டு கழித்து அதே நகரில் அது திரும்ப எழுந்தது. பிரகதி மைதானத்தில் 1972ஆம் ஆண்டு வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டட வடிவமைப்பாளர் ராஜ் ரேவல், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜோடு சேர்ந்து எழுப்பியது 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்'. எஃகில் செய்ய வேண்டிய முப்பரிமாணச் சட்டக வலையை, எஃகு அரிதாயிருந்த நாட்டில் கான்கிரீட்டில் வார்த்துக் காட்டிய கட்டடம். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அது இடிக்கப்பட்டது. புதிய கண்காட்சி வளாகத்துக்கு இடம் வேண்டியிருந்தது.

ரேவல் 57ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். 2019 மே மாதம் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். நிலமும் கட்டடமும் உடையவருக்கு அரசியல் சாசனம் தரும் சொத்துரிமையை வடிவமைப்பாளரின் உரிமை கட்டிப்போட முடியாது என்றார். கட்டடத்தைத் திரித்துக் காட்டினால் வடிவமைத்தவர் தடுக்கலாம். முழுதாக இல்லாமலே ஆக்கிவிட்டால், காண முடியாத ஒன்று அவர் புகழுக்கு ஊறு செய்ய முடியாது. இதுவே அவர் தர்க்கம்.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விபரீதம் தெரியும். சிலையின் கையை ஒடித்தவர் பொறுப்பு. முழுச் சிலையையும் தூளாக்கியவருக்குப் பொறுப்பில்லை. ஆகவே பாதி உடைந்து நிற்கும் சிற்பத்தை வைத்திருக்கும் உடைமையாளருக்கு, மீதியையும் உடைப்பதே பாதுகாப்பு என்றாகும். பிரிவு 57 இதற்காக எழுதப்பட்டதாக என்னால் கருத முடியவில்லை.

ஆனாலும் எண்ட்லா எழுப்பிய தடையை அலட்சியம் செய்யக் கூடாது. கட்டடம் என்பது மக்கள் புழங்கும் இடம். விரிசல் விடும், தேவை மாறும், நகரம் வளரும். கட்டிய ஒவ்வொருவரும் நூறாண்டுக்கு இடிக்காதே என்று தடுத்தால் நகரம் கல்லறையாகும். உடைமையாளரின் கையைக் கட்டுவது தீர்வல்ல. உடைமையாளருக்கு முழுச் சுதந்திரம், ஆக்கியோனுக்கு வெறும் கை என்பதும் தீர்வல்ல. இடையில் ஒரு வழி உண்டு. சில நாடுகள் அதில் நடந்து பார்த்திருக்கின்றன.

அறிவிப்பு என்னும் நடுவழி

சுவிட்சர்லாந்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு எளிமையானது. ஒரே ஒரு மூலம்தான் உள்ள படைப்பை, அதைக் காப்பதில் ஆசிரியருக்கு நியாயமான அக்கறை இருக்கும் என்று தெரிந்தும், உடைமையாளர் அழிக்க நினைத்தால், முதலில் அதை ஆசிரியருக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். விலையாக அதிலுள்ள பொருளின் மதிப்புக்கு மேல் கேட்கக்கூடாது. திருப்பித் தர இயலாவிட்டால் அதைப் படியெடுத்துக்கொள்ள ஆசிரியருக்கு வழிவிட வேண்டும். கட்டடத்துக்கு இவ்வளவுகூடக் கேட்கவில்லை. வடிவமைத்தவர் தம் செலவில் படமெடுத்துக்கொள்ளவும் வரைபடங்களின் படி பெறவும் விட்டால் போதும். இடிக்கும் உரிமை உடைமையாளரிடமே இருக்கிறது. நினைவைக் காக்கும் உரிமை ஆக்கியோனிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், கட்டடத்திலிருந்து சிதையாமல் பிரித்தெடுக்கக்கூடிய படைப்பு என்றால், கலைஞரைத் தேடி எழுத்து மூலம் அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்பு கிடைத்து 90 நாளுக்குள் அவர் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் உடைமையாளர் தம் விருப்பப்படி செய்யலாம். இந்தச் சட்டத்தின் பல்லை நியூயார்க் பார்த்தது. குவீன்ஸ் பகுதியில் பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்று, உரிமையாளரின் அனுமதியோடு, ஆண்டுக்கணக்காகச் சுவரோவியக் கலைஞர்களின் கூடமாக இருந்தது. 5பாயிண்ட்ஸ் என்று உலகறிந்த இடம். குடியிருப்புக் கட்ட முடிவுசெய்த உரிமையாளர் 2013 நவம்பரில் ஓர் இரவில் எல்லா ஓவியங்களின்மேலும் வெள்ளையடித்தார். 2018இல் நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. முறையாக அறிவித்து, கலைஞர்களுக்கு அவகாசம் கொடுத்துக் காத்திருந்தால் இந்தத் தண்டனைக்கு இடமே வந்திராது என்பதை நீதிபதியின் சொற்களிலேயே காணலாம். அவர் தண்டித்தது கட்டடத்தை இடித்ததை அல்ல, கேட்காமல் அழித்த மனப்போக்கை.

இந்திய 57ஆம் பிரிவில் சேர்க்க வேண்டியதும் இதுவே. ஒற்றை மூலம் கொண்ட ஓவியம், சிற்பம், சுவரோவியம் ஆகியவற்றை அகற்றவோ அழிக்கவோ நினைப்பவர், ஆக்கியவருக்கு அல்லது அவருடைய வாரிசுகளுக்கு 90 நாள் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளின் விலைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ள வழிவிட வேண்டும். கட்டடம் என்றால் படமெடுக்கவும் அளக்கவும் விட வேண்டும். நாட்டில் பொது இடத்துக் கலையைப் பெருமளவு செய்விப்பது அரசுதான். பொதுப்பணித்துறை, ரயில்வே, மாநகராட்சி ஆகியவை தங்கள் ஒப்பந்தப் படிவத்தில் இதை ஒரு விதியாக எழுதிக்கொள்ளச் சட்டத்திருத்தத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

எதிர்க்குரல் ஒன்றும் உண்டு. 2012 திருத்தம் இந்த உரிமைக்குக் காலவரம்பே இல்லாமல் செய்துவிட்டதால், கொள்ளுப்பேரர்கள் ஆய்வுப் பதிப்பையும் பகடியையும் புதிய மேடையாக்கத்தையும் முடக்குவார்கள் என்ற அச்சம் அது. அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பெயர் என்றென்றும் ஆக்கியோனுடையது என்பதில் விவாதம் இல்லை. உருவத்தைக் காக்கும் உரிமை, காலம் செல்லச் செல்ல, குடும்பத்தின் விருப்பத்திலிருந்து விலகிப் படைப்பின் நேர்மையைச் சார்ந்து நிற்க வேண்டும். மூலம் சிதையாமல் கிடைக்கிறதா, மாற்றியவர் மாற்றினேன் என்று சொன்னாரா என்ற இரண்டே கேள்விகள் அதற்குப் போதும். 'அம்பிகாபதி'க்கும் இவ்விரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காத தமிழர் குறைவு. பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரைச் செய்தவர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டத்துக்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை இது. பெயர் தெரிந்தால்தான் ஒரு நாள் அதை நகர்த்த வேண்டி வரும்போது யாருக்கு எழுதுவது என்று தெரியும்.

1979இல் விஞ்ஞான் பவனில் நடந்ததற்கு மாற்றாக வேண்டியிருந்தது என்ன? வேலையை நிறுத்துவது அல்ல. சுவரை அப்படியே விடுவதும் அல்ல. சிற்பி அதே நாட்டில், பெயரும் புகழுமாக உயிரோடு இருந்தார். இந்த மாதம் புதுப்பிக்கிறோம், சிற்பத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எந்த மூலையை முதலில் பிரிப்பது, எங்கே தாங்கிப் பிடிப்பது என்று சொல்ல அவரைவிடத் தகுந்தவர் யார்? அந்த ஒரு கடிதத்தின் இடத்தில் 26 ஆண்டும், ஒரு வழக்கும், உடைந்த வெண்கலமும் வந்து சேர்ந்தன. ஆக்கியோன் உரிமை உடைமையாளரிடம் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.